முதலாம் எண் டீசலா, உறைதடுப்புத் திரவமா?

அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலையில் கோல்ட்ஃபுட்டை விட்டால் டெட்ஹார்ஸ் வரை ஏறத்தாழ 386 கிலோமீட்டருக்கு எரிபொருள் நிலையமே இல்லை என்பதால், குளிர்காலத்தில் டீசல் வண்டியில் வேட்டைக்குச் செல்பவர் டாங்கியில் எதை நிரப்புகிறார் என்பது உயிர்ப் பிரச்சினை. வழக்கமான இரண்டாம் எண் டீசலிலுள்ள மெழுகு கடுங்குளிரில் பிரிந்து, வடிகட்டித் தாளில் வெண்ணெய் பூசியதுபோல் படிந்து அடைத்துவிட, எஞ்சின் இழுவை குறைந்து நின்றுவிடும். இதைத் தடுக்க டீசலில் கலக்கும் உறைதடுப்புத் திரவம் மலிவானது. ஆனால் டீசல் கலங்குவதற்கு முன்பே ஊற்றினால்தான் பலன், படிந்துவிட்ட மெழுகை அது கரைக்காது. மண்ணெண்ணெயை ஒத்த முதலாம் எண் டீசலோ மிகக் கடும் குளிரிலும் தெளிவாக ஓடும். விலை கூடுதல், மைலேஜ் சற்றுக் குறைவு, பம்புக்கு வேண்டிய வழவழப்பும் குறைவு. இருந்தும் இந்தச் சாலைக்கு என் தேர்வு முதலாம் எண்தான். கூடவே மாற்று வடிகட்டி ஒன்றை இருக்கைக்கடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.