குளிரில் காயாத மை: பேனா பிளொட்டரில் சர்க்கிட் போர்ட், மூன்று வருடப் பாவனை

கொழும்பில் மேசை மேல் வைத்தாலே காய்ந்துவிடும் மை, நுவரெலியாவில் காய மறுக்கும். 1,868 மீற்றர் உயரம், ஆண்டுச் சராசரி 16 பாகை செல்சியஸ் அளவு, அடிக்கடி பனிமூட்டம். செப்புப் படலம் ஒட்டிய தகட்டில், கணினி சொல்லும்படி பேனாவை நகர்த்தும் பிளொட்டரால் சர்க்கிட்டின் கோடுகளை நேரடியாக வரைந்து, மை மூடாத செப்பைப் பெரிக் குளோரைட்டில் அரித்தெடுக்கும் முறையை மூன்று வருடம் பாவித்ததில், கெட்டுப்போன போர்டுகளில் பெரும்பாலானவை குளிராலும் ஈரத்தாலும் கெட்டவை. இயந்திரத்தைக் குறை சொல்ல அதிகம் இல்லை.

இயந்திரம் சாதாரணமானதுதான்: ஆடினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் ஜிஆர்பிஎல் என்ற இயக்க மென்பொருள், மோட்டரை ஓட்டும் ஏ4988 டிரைவர் இரண்டு, நேமா 17 ஸ்டெப்பர் மோட்டர் இரண்டு, ஜிடி2 பெல்ட், 20 பல் புல்லி. 16 மைக்ரோஸ்டெப்பில் மி.மீ.க்கு 80 ஸ்டெப். எஸ்ஜி90 சேர்வோ (சிறு மோட்டர்) பேனாவைத் தூக்க மட்டும், அழுத்த விடாதீர்கள். பேனா தன் எடையிலேயே இறங்கி நின்றால் தகடு சற்று வளைந்திருந்தாலும் கோடு ஒரே தடிப்பில் வரும், முனையும் நசுங்காது. இறங்கிய பின் 0.2 செக்கன் நிற்க ஜி4 கட்டளை போட வேண்டும். போடாவிட்டால் ஒவ்வொரு கோட்டின் தொடக்கமும் விட்டுப்போகும். அரை செக்கனுக்கு மேல் நின்றால் அந்த இடத்தில் மை தேங்கும்.

பேனா ஸ்டெட்லர் லூமோகலர் பெர்மனன்ட், எஸ் முனை, 0.4 மி.மீ. செப்பில் மை பரவி 0.5 ஆகிவிடுவதால் வரைபடத்தை இயந்திரக் கட்டளையாக மாற்றும் பிளாட்கேம் மென்பொருளில் 0.5 என்றே கொடுப்பது நல்லது. வேகம் நிமிடத்துக்கு 400 மி.மீ. கோடுகளுக்கு 1 மி.மீ. அகலம், இடைவெளிக்கு 0.6 வைத்தால் நிம்மதி. ஐசியின் 2.54 மி.மீ. கால்களுக்கு நடுவே கோடு நுழைக்க ஆசைப்பட வேண்டாம். கால் சோல்டர் ஆகும் செப்பு வட்டமான பேட் 1.6 என்றால் மிஞ்சுவது 0.94; அதில் கோடு 0.5 போக இருபக்கமும் 0.22தான். ஈரமான நாளில் அது ஒட்டிவிடும். கிரவுண்ட் பகுதியை முழுக்க நிரப்புவதும் வீண்: 0.4 இடைவெளியில் ஒரு சதுர செ.மீ.க்கு 250 மி.மீ. கோடு, 50 சதுர செ.மீ.க்கு அரை மணி நேரத்துக்கு மேல், முனையும் தேயும்.

லேசர் பிரிண்டரில் அச்சிட்ட படத்தைச் சூடாக்கிச் செப்புக்கு மாற்றும் டோனர் முறையிலிருந்து வருபவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அங்கே தாளிலிருந்து மாறும்போதே படம் கண்ணாடி பிம்பமாகத் திரும்பிவிடும். இங்கே செப்பில் நேரே வரைவதால் அடிப்பக்க லேயரை நாம்தான் திருப்ப வேண்டும். பேட் நடுவில் 0.5 மி.மீ. வெறுமையாக விட்டால் அரித்தபின் அங்கே சிறு குழி விழும், 0.8 ட்ரில் பிட் வழுக்காமல் உட்காரும்.

இனி மை. தகட்டைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாராலும் சோப்பாலும் தேய்த்துக் கழுவி, ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடைத்த பிறகு விரல் படக்கூடாது. அதன்பின் 60 வாட் குண்டு பல்புக்குக் கீழே, கைக்கு இளஞ்சூடாகத் தெரியும் வரை, அதாவது 35–40 பாகை வரை வைக்க வேண்டும். குளிர்ந்த தகட்டைச் சூடான சமையலறைக்குள் கொண்டுவந்தால் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படியும். அதன்மேல் போட்ட மை அரிக்கும்போது தோலாகக் கழன்று வரும். 50 பாகையைத் தாண்டினாலோ மை முனையிலேயே காய்ந்து கோடு அறுபடும்.

ஒரே பூச்சில் ஊசித் துளைகள் நிற்கும், அதனால் இரண்டு பூச்சு தேவை. ஆனால் பேனாவில் இருக்கும் கரைப்பான், காயாத முதல் பூச்சைக் கரைத்து இழுத்துவிடும். பல்புக்குக் கீழே பத்து நிமிடம், பல்பு இல்லாவிட்டால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காய விடுங்கள். வெள்ளை டிசுவை அழுத்தி எடுத்தால் நிறம் ஒட்டக்கூடாது. அவசரப்படுபவர்களுக்கு இந்த வேலை சரிவராது.

அரிப்பதிலும் இதே கதை. 250 மி.லீ. தண்ணீரில் 100 கிராம் பெரிக் குளோரைட்டைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், கரையும்போதே சூடாகும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொட வேண்டாம், ஸ்டீல் சிங்க் பக்கமும் கொண்டுபோக வேண்டாம். அறைக் குளிரில் 35 மைக்ரோன் செப்பு அரைமணியைத் தாண்டியும் போகாது. அதற்குள் மையின் ஓரங்கள் தூக்கிக் கோட்டின் பக்கவாட்டு தின்னப்படும். பிளாஸ்டிக் தட்டைச் சுடுநீர்ப் பேசினில் மிதக்க விட்டு 40–45 பாகையில் ஆட்டிக்கொண்டே இருந்தால் 10–15 நிமிடத்தில் முடியும். முடிந்ததும் அசிட்டோனால் மையைத் துடைத்து, அன்றைக்கே பிளக்ஸ் பூசி ஈயம் தடவிவிடுங்கள். வெறும் செப்பை இந்த ஈரத்தில் வைத்தால் கறுத்துப்போய் சோல்டர் ஒட்டாது.

ஏப்ரல், ஒக்டோபர் இடிமழைக் காலத்தில் மின்சாரம் நடுவில் போகும். லிமிட் சுவிட்சும், தகட்டின் மூலையை அணைத்துப் பிடிக்கும் எல் வடிவச் சட்டமும் இருந்தால் ஹோம் செய்து, அதாவது பேனாவைத் தொடக்கப் புள்ளிக்குக் கொண்டுபோய், விட்ட கட்டளை வரியிலிருந்தே தொடரலாம். இரட்டை ஒட்டு டேப்பில் ஒட்டிய தகடு அசைந்தால் எல்லாம் முதலிலிருந்துதான். இடி கேட்டால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

பாவித்த கரைசலில் செப்பு இருக்கிறது. தோட்ட லயத்துக்குப் பின்னால் ஓடும் கழிவுநீர்க் கானும் கடைசியில் ஓடையில்தான் சேர்கிறது; கீழே அதே தண்ணீரைக் குடிப்பவர்கள் உண்டு, மீன்களுக்குச் செப்பு நஞ்சு. காற்றோட்டமான இடத்தில், மூடாத பிளாஸ்டிக் வாளியில் இரும்பு நாரைப் போட்டு ஒரு நாள் விட்டால் செப்பு அதில் படியும். பிறகு நுரைப்பது நிற்கும் வரை வாஷிங் சோடா சேர்த்து, அடியில் தங்கும் சேற்றைச் சீமெந்தில் குழைத்துக் கட்டியாக்கிக் குப்பையோடு கொடுக்கலாம்.