பாய்மரக் கப்பலுக்கு அரிசியா, அவலா?

மதுரை கீழமாசி வீதியில் சாமான் வாங்கிக் கடலேறுகிறவர்கள் இரண்டையும் எடுங்கள். அரிசி கூடுதலாக இருக்கட்டும்.

மதியத்துக்குச் சோறுதான். ஆனால் குக்கரில் மட்டும் வையுங்கள். கப்பல் சாய்ந்து குக்கர் உருண்டாலும் மூடி பூட்டியிருப்பதால் கொதிநீர் மேலே கொட்டாது. திறந்த பானை என்றால் கால் வெந்துவிடும், பக்கத்தில் ஆஸ்பத்திரியும் கிடையாது! பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். நல்ல தண்ணீர் 3 பங்கு, நடுக்கடல் நீர் 1 பங்கு. உப்பு தனியே வேண்டாம். துறைமுகத்து நீர் கூடவே கூடாது.

நள்ளிரவு 12 முதல் 4 வரை காவல் நிற்பவருக்கு அவல். அடுப்பே வேண்டாம், கெட்டி அவல் 20 நிமிடம் ஊறினால் வெல்லத்தோடு சாப்பிடலாம். ஈரக்காற்று பட்டால் சீக்கிரம் பூசணம் பிடிக்கும், அதனால் கால் கிலோப் பொட்டலங்களாகக் காற்றுப் புகாமல் கட்டுங்கள்.