கார்புரேட்டர் காருக்கு எந்த பம்ப்?

சிங்கப்பூரில் பழைய கார்களுக்கான கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிவான கார் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலைக்கு வரலாம். மீதி நாளெல்லாம் சும்மா நிற்கையில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரின் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. டாங்கியிலிருந்து அதை மீண்டும் நிரப்புவது பம்பின் வேலை.

எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கேம்ஷாஃப்ட் இயக்கும் மெக்கானிக்கல் பம்ப், எஞ்சின் சுழன்றால்தான் பெட்ரோலை இழுக்கும். கிண்ணம் நிரம்பும்வரை எஞ்சினைச் சுழற்றும் பேட்டரி பாவம். தீவு விரைவுச்சாலையின் மதிய நெரிசலில் எஞ்சின் சூடு பம்பில் ஏறினால் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும். பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் எண்ணெயிலும் கலக்கலாம். ஆனால் வயரிங் தேவையில்லை. எஞ்சின் நின்றால் தானும் நிற்கும்.

மின்சார பம்ப் சாவியைத் திருப்பியதுமே கிண்ணத்தை நிரப்பும். தள்ளுவதில் சூரன், இழுப்பதில் சோம்பேறி. ஆகவே டாங்கிக்கு அருகில், தாழ்வாகப் பொருத்த வேண்டும். அழுத்தத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பெரும்பாலான கார்புரேட்டர்களுக்கு 2 முதல் 4 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) போதும். கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் காரின் பம்ப் 40 பிஎஸ்ஐ அளவில் தள்ளும். அதை இங்கே மாட்டினால், கிண்ணம் நிரம்பியதும் வழியை மூடும் ஊசி வால்வு தாங்காமல் பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் வழியும். விபத்தில் எஞ்சின் நின்றும் பம்ப் ஓடினால் தீ அபாயம். எஞ்சின் ஓடாதபோது சில விநாடிகளில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலே என்ற மின்சுவிட்ச் கட்டாயம்.

அடிக்கடி ஓட்டுபவருக்குப் பழைய மெக்கானிக்கல் பம்பே போதும். மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவருக்கு என் வாக்கு மின்சார பம்புக்கே, அந்த ரிலேயோடு.