மலையில் படுக்க என்ன வாங்கலாம்: ஸ்லீப்பிங் பேக் டவுனா சிந்தெடிக்கா, அடியில் ஃபோமா காற்றுப் பேடா?

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்ற கடற்கரை ஊரில் வளர்ந்தவன் மலைக்குச் சாமான் வாங்கும்போது ஒரு தனிச் சிக்கல் உண்டு, குளிர் என்றால் எவ்வளவு என்று உடம்புக்கே தெரியாது. இங்கே தை மாதத்திலும் ஃபேன் ஓடுகிறது. வாடைக்காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் ஒரு கைலியை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பிப் படுப்போம், அவ்வளவுதான். அந்த லட்சணத்தில் நான் முதலில் வாங்கியது, உறையில் "0 டிகிரி" என்று பெரிதாக அச்சடித்த ஒரு ஸ்லீப்பிங் பேக், உள்ளே புகுந்து தூங்கும் மெத்தைப் பை. கொடைக்கானல் பக்கம் ஒரு டிசம்பர் இரவு, பூஜ்யமெல்லாம் இல்லை, 7, 8 டிகிரிதான் இருந்திருக்கும், விடிய விடியப் பல் தந்தியடித்தது.

ஒரு வருஷம் அந்தப் பேக்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் புரிந்தது, பாதித் தப்பு நான் அந்த எண்ணைப் படித்த விதத்தில், மீதித் தப்பு கீழே விரித்திருந்த பிளாஸ்டிக் பாயில்.

எண்ணை முதலில் முடித்துவிடலாம். ஒழுங்காகச் சோதித்த பேக்கில் ஐஎஸ்ஓ 23537 என்று சோதனைத் தரத்தின் எண் போட்டிருக்கும், பழையதில் ஈஎன் 13537. அதில் மூன்று அளவு இருக்கும்: கம்ஃபர்ட் (நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர்), லிமிட் (எப்படியோ சமாளிக்கக்கூடிய எல்லை), எக்ஸ்ட்ரீம். எக்ஸ்ட்ரீம் என்பது தூங்குவதற்கான கணக்கே இல்லை, உயிர் தப்புவதற்கான கணக்கு. என் பேக்கின் 0 அந்த ரகம். கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள், அது எழுதாத பேக்கைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இன்னொன்று, இந்தச் சோதனையில் ஆள் மாதிரி ஒரு பொம்மையை உள்ளே படுக்கவைக்கும்போது அடியில் பேட், அதாவது மெத்தைபோன்ற விரிப்பு, போட்டுத்தான் அளக்கிறார்கள். பேட் இல்லாவிட்டால் உறையில் இருக்கும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

காரணம் லேசானதுதான். பேக்கில் சூட்டைப் பிடித்துவைப்பது பஞ்சோ இறகோ அல்ல, அதற்குள் அடைந்திருக்கும் காற்று. முதுகுக்குக் கீழே நம் எடையில் அது நசுங்கிப் போகிறது, தரை நேராக உடம்புச் சூட்டை உறிஞ்சுகிறது. மீன் பெட்டியின் தெர்மாகோலை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச் சூட்டை ஐஸ்கிட்ட விடாமல் தடுக்கிற அதே வேலையை, மலையில் பேட் தலைகீழாகச் செய்கிறது. அதனால்தான் கையில் இருக்கும் காசு குறைவாக இருந்தால் முதலில் பேடுக்குப் போடச் சொல்கிறேன்.

பேடுக்கு ஆர்-வேல்யூ என்று ஓர் அளவு உண்டு, கூடக்கூடக் குளிர் ஏறாது. மடக்கி எடுத்துப்போகும் ஃபோம் பேட் சுமார் 2 தரும். தெர்ம்-எ-ரெஸ்ட்டின் இசட் லைட் சோல் 2.0, எடை 410 கிராம். அதே கம்பெனியின் காற்றடிக்கும் நியோஏர் எக்ஸ்லைட் என்எக்ஸ்டி 4.5, எடை 370 கிராம்தான், சுருட்டினால் தண்ணீர் பாட்டில் அளவுக்கு வரும். காகிதத்தில் பார்த்தால் காற்றுப் பேட் ஜெயித்துவிட்டது. விலையைப் பார்த்தால் கொஞ்சம் யோசிப்பீர்கள். ஆனால் எல்லாக் காற்றுப் பேடும் இப்படி இல்லை. உள்ளே தடுப்போ பஞ்சோ இல்லாத மலிவு மெத்தையில் காற்று மேலும் கீழும் சுழன்றுகொண்டே இருக்கும், அது ஃபோமைவிடக் குளிரும்.

நானும் ஒரு காற்றுப் பேட் வாங்கினேன். ஊருக்கு வெளியே கடற்கரையில் விரித்துப் பார்க்கலாம் என்று போனோம், கூட வந்த மாப்பிள்ளை, "இங்க கருவமுள்ளு கிடக்கும்டா, பாத்து விரி" என்று சொன்ன வாய் மூடவில்லை, புஸ். ராமநாதபுரத்துக்காரனுக்குச் சீமைக்கருவையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, செருப்பைத் துளைத்துக் காலில் ஏறும் முள் அது. சைக்கிள் ட்யூபை முக்குவதுபோலத் தொட்டியில் முக்கிக் குமிழி பார்த்து ஒட்டினேன். ஒட்டியதும் நிற்கிறது, சரி. ஆனால் ராத்திரி 2 மணிக்கு மலைமேல் தொட்டிக்கு எங்கே போவது? ஃபோமில் முள் குத்தினால் ஓர் ஓட்டை, அவ்வளவுதான், புரண்டு படுக்கலாம். அதன் குறை வேறு: இடத்தை அடைக்கும், பைக்கு வெளியே கட்டவேண்டும், ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு இடுப்பு வலிக்கும்.

நடுவில் தானாக உப்பும் பேட் என்று ஒன்று இருக்கிறது. கனம், எனக்கு ஒத்துவரவில்லை.

இப்போது பேக். டவுன் என்பது வாத்தின் இறகுக்கு அடியில் இருக்கும் தூவி. 650, 800 என்று போட்டிருப்பது அது எவ்வளவு உப்பும் என்ற அளவு. எண் கூடினால் அதே சூட்டுக்குக் குறைந்த எடை போதும். சுருக்கினால் ஒரு முழத்துக்குள் அடங்கும், பார்த்துக்கொண்டால் பல வருஷம் உழைக்கும். நனைந்தால் மட்டும் தூவி கட்டிக் கட்டியாக ஒட்டிக்கொள்ளும், காற்றும் போச்சு சூடும் போச்சு. சிந்தெடிக், அதாவது செயற்கைப் பஞ்சு, கனம், பருமன், நாலைந்து வருஷத்தில் தட்டையாகத் தொடங்கும். ஆனால் ஈரத்திலும் ஓரளவு சூடு தரும், விலையும் குறைவு.

மழை பெய்யும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு நான் சிந்தெடிக்தான் சொல்வேன், கம்ஃபர்ட் 5 டிகிரி ரகம் பெரும்பாலும் போதும், அடியில் ஃபோம். (வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டில் கூடாரம் போடாதீர்கள், அது தனிக் கதை.) நம் கடற்கரை வீட்டில் டவுனை வைத்துக் காப்பாற்றுவதும் பெரும்பாடு. ஐப்பசி, கார்த்திகையில் பீரோவுக்குள் இருக்கும் தோல் பெல்ட்டே பூசணம் பூக்கிறது. எந்தப் பேக்காக இருந்தாலும் அமுக்கிக் கட்டிய நிலையில் வைக்காமல் பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு, வெயில் வந்தால் எடுத்து உதறுங்கள்.

இமயமலைப் பனிக்குப் போவதானால் கதை மாறும். அங்கே டவுன்தான், கீழே ஃபோமும் அதன்மேல் காற்றுப் பேடும். ஆர்-வேல்யூவைக் கூட்டிக்கொள்ளலாம், 2-ம் 4.5-ம் சேர்ந்தால் 6.5. ஆனால் வாழ்க்கையில் ஒரு தடவை போவதற்கு டவுன் பேக் வாங்க வேண்டுமா? அங்கே வாடகைக்குக் கிடைக்கிறது, உள்ளே போட்டுக்கொள்ள ஒரு லைனர் மட்டும் கொண்டுபோனால் அடுத்தவர் வியர்வையும் ஒட்டாது. என் லைனர் பழைய எட்டு முழ வேட்டி, மடித்து இரண்டு பக்கம் தைத்தது, தையற்கடையில் 40 ரூபாய் வாங்கினார்கள்.