மொத்தத் தொகையா, இனவாரி விலையா: அளவு கூடினால் சுமை யாருக்கு?

ஒப்பந்தப்புள்ளி கோரும் ஆவணங்களில் வேலையின் விவரத்தைப் பலமுறை படிப்பவர்களும், விலை எந்த முறையில் கேட்கப்படுகிறது என்பதை ஒரு பார்வையோடு கடந்துவிடுவதுண்டு. பின்னாளில் எழும் தகராறுகளில் பல அந்த இடத்தில்தான் முளைக்கின்றன.

லம்ப்சம் எனப்படும் மொத்தத் தொகை ஒப்பந்தத்தில், வரைபடங்களிலும் விவரக்குறிப்பிலும் உள்ள வேலை முழுவதற்கும் ஒரே தொகை பேசப்படுகிறது. ஒப்பந்தக்காரர் கணித்ததைவிடக் கூடுதலாகப் பொருள் செலவானாலும் அது அவர் பொறுப்பே. ஐட்டம் ரேட் எனப்படும் இனவாரி விலை ஒப்பந்தத்திலோ, அளவுப் பட்டியலில் உள்ள ஒவ்வோர் இனத்துக்கும் தனி விலை குறிக்கப்பட்டு, உண்மையில் செய்த வேலையை அளந்து பணம் தரப்படுவதால், அளவு கூடினால் சுமை வேலை தருபவரைச் சேரும்.

இதை மட்டும் பார்த்தால் மொத்தத் தொகையே வேலை தருபவருக்குப் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் அறியாத இடருக்கும் ஒப்பந்தக்காரர் விலை வைப்பார். அந்த இடர் நேராமலே போனாலும் அத்தொகை திரும்பி வராது. வரைபடம் முழுமையாக இல்லையென்றால், விடுபட்ட ஒவ்வொன்றும் கூடுதல் பணியாகி, போட்டியில்லாத விலையில் திரும்பி வரும்.

இனவாரி விலையின் பலவீனம் வேறு வகையானது. மண் தோண்டல் 1,000 கன மீட்டர், பாறை உடைப்பு 100 கன மீட்டர் என்று பட்டியல் கூறுவதாகக் கொள்வோம். விலை தரும் இருவரில் முதலாமவர் ஒரு கன மீட்டர் மண்ணுக்கு 10 ரூபாய், பாறைக்கு 50 ரூபாய் என்று குறித்தால் மொத்தம் 15,000. இரண்டாமவர் மண்ணுக்கு 4, பாறைக்கு 100 என்று குறித்து 14,000-இல் முந்துகிறார். தோண்டியபோது மண் 600, பாறை 500 என்று தெரியவந்தால், முதலாமவருக்கு 31,000 போதும். குறைந்த விலைக்காரராகத் தேர்வான இரண்டாமவருக்கோ 52,400 தர வேண்டும். இதுவே சமனற்ற விலையிடல். பட்டியலின் பிழையை முன்கூட்டியே உணர்ந்தவர் அதையே லாபமாக்குகிறார். பழி அவரைவிட, மண் ஆய்வுக்குச் செலவிடத் தயங்கியவருக்கே அதிகம் என்பது என் கருத்து.

பன்னாட்டுப் பொறியியல் ஆலோசகர்கள் கூட்டமைப்பான ஃபிடிக், 1999-இல் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தங்களில் இவ்வேறுபாட்டை நூல்களின் அட்டை வண்ணங்களால் காட்டியது. சிவப்பு நூல் அளந்து பணம் தரும் முறையைச் சார்ந்தது. மஞ்சளும் வெள்ளியும் மொத்தத் தொகையைச் சார்ந்தவை. இடரின் பெரும்பகுதியை ஒப்பந்தக்காரர் மேல் வைக்கும் வெள்ளி நூல், விலை தருவோர் பார்வையிட முடியாத நிலத்தடி வேலைகள் மிகுந்த இடத்துக்குப் பொருந்தாது என்று அதன் முன்னுரையே எச்சரிக்கிறது.

செலவுடன் கட்டணம் சேர்த்துத் தரும் மூன்றாம் முறை, அவசரச் சீரமைப்பு போன்ற, அளவே சொல்ல இயலாத வேலைகளுக்கு உரியது. கட்டணம் நிலையான தொகையாக இருத்தல் வேண்டும். செலவின் சதவீதமாக வைத்தால், செலவு ஏற ஏற லாபமும் ஏறும். அமெரிக்கக் கூட்டரசின் கொள்முதல் விதிகள் அவ்வகைச் சதவீத ஒப்பந்தத்தைத் தடை செய்திருப்பதும் இக்காரணத்தால்தான்.

அடித்தளம் வரை இனவாரி விலை, அதற்கு மேல் மொத்தத் தொகை என்று கலந்து வைப்பதையே நான் விரும்புவேன். ஆனால் எந்த மட்டத்தில் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பதை வரைபடத்திலேயே கோடிட்டுக் காட்ட வேண்டும். இல்லையேல் ஒரே கான்கிரீட்டுக்கு இரண்டு பட்டியல்களிலும் பணம் கேட்கப்படும்.