ஆவணில மலைல மழை உண்டா: செல்போன் ஆப்பா, அணை லிஸ்டா?

மெட்ராஸ்ல இருந்து அக்கா, அத்தான், புள்ளைக எல்லாரும் வாராவ. போன் எடுத்தா அத்தான் கேக்குற ஒரே கேள்வி "மாப்ள, குத்தாலத்துல தண்ணி விழுமா?" ஆனி, ஆடின்னா யோசிக்காம வாங்கன்னு சொல்லிருவேன். ஆவணி அப்படி இல்ல, தென்மேற்குப் பருவம் இளைக்க ஆரம்பிக்குற நேரம், நாலு நாள் சாரல் அடிக்கும், அப்புறம் நாலு நாள் மண்டையப் பொளக்குற வெயிலு. செல்போன் வானிலை ஆப்பு, தெனம் காலைல வர்ற அணை நீர்மட்ட லிஸ்ட்டுன்னு ரெண்டு வழியிலயும் பாத்து ஏமாந்தும் ஜெயிச்சும் இப்ப நான் அணை லிஸ்ட் கட்சில சேந்துட்டேன்.

ஆப் பத்தி சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல, எல்லாரு செல்லுலயும் கெடக்கு, காத்து கலர் கலரா ஓடும், பத்து நாளைக்கு முன்னாடியே மழை போட்டுக் காட்டும். சிக்கல் என்னன்னா, ஆப்புக்குப் பின்னாடி கணக்குப் போடுற உலக வானிலை மாடல் நெலத்தக் கட்டம் கட்டமாப் பிரிச்சு கட்டத்துக்கு ஒரு சராசரி மழைதான் சொல்லும், நல்ல மாடலுக்கே ஒரு கட்டம் சுமார் 9 கிலோமீட்டர். தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கும் குத்தாலத்துக்கும் அஞ்சாறு கிலோமீட்டர்தான், ரெண்டும் ஒரே கட்டத்துல விழுந்தாலும் விழுந்துரும். ஆரியங்காவு கணவாய் வழியா புகுந்து வர்ற சாரலெல்லாம் அந்த சராசரில கரைஞ்சு போயிருது. போன ஆவணில ஆப்ல மழையே இல்லன்னு பாத்துட்டு நாங்க கடையத்துல வீட்டுக்குள்ளயே உக்காந்துட்டோம். சாயங்காலம் எதுத்த வீட்டு அண்ணாச்சி ஐந்தருவில குளிச்சுட்டு டிவிஎஸ்ல வந்து எறங்குதாரு, கழுத்துல கெடக்க துண்டு இன்னும் காயல. "அஞ்சு கெளையிலயும் தண்ணி வே, நீரு வரலயா"ன்னு கேள்வி வேற.

அருவில விழுறது ஊருக்குள்ள பெஞ்ச மழை இல்ல, மேல காட்டுல பெஞ்ச மழை. அதனாலதான் வானிலை அறிக்கைல "தென்காசி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை"ன்னு போட்டாலும் அத மட்டும் வச்சு நான் வண்டி எடுக்க மாட்டேன். ஓரிரு இடம்னா இருக்குற மழைமானில கால்வாசிக்குள்ள, கனமழைன்னா 24 மணி நேரத்துல 6.45 செ.மீ.க்கு மேல. குத்தாலத்துல குளிக்க அவ்வளவு வேண்டாமே, மேல விடாம தூறுனாலே போதும்.

அணை லிஸ்ட் இதுக்கு நேர் எதிரு, அது ஒண்ணையும் கணிக்காது, பெஞ்சதச் சொல்லும். தெனம் காலைல வாட்ஸ்அப்ல வந்துரும், ஒவ்வொரு அணைக்கும் முழு மட்டம் போட்டு, பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, நம்ம பக்கம் கடனா 85, ராமநதி 84, அடவிநயினார் 132, குண்டாறு 36.10ன்னு. கீழயே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்துன்னு எஸ்டேட் மழை அளவும் இருக்கும்.

இதுல நான் மொதல்ல பாக்குறது குண்டாறு. செங்கோட்டைக்கு மேல இருக்குற சின்ன அணை, சாரல் கொஞ்சம் வலுத்தாலே ரொம்பிரும். குத்தாலத்துக்கு வர்ற சிற்றாறு வேற ஆறுதான், ஆனா அதே மலை, அதே காத்து. ஆரம்பத்துல நானும் முட்டாத்தனமா நீர்மட்டத்த மட்டும் பாத்துக்கிட்டு இருந்தேன். 36.10 ஃபுல், ஆஹான்னு புள்ளைகள ஏத்திக்கிட்டுப் போனா மெயினருவில நூலு கணக்கா ஒழுகுது. ஏன்னா ஆடில ரொம்புன அணை மழை நின்னாலும் ஃபுல்லாவேதான் நிக்கும், மட்டம் பழைய கதை. பாக்க வேண்டியது வரத்து, வினாடிக்கு எத்தன கன அடி உள்ள வருதுங்கறது. வரத்து நேத்தவிட ஏறியிருந்து அடவிநயினார்லயும் ஏறியிருந்தா கெளம்பிரலாம், ரெண்டும் எறங்குனா துண்ட எடுத்து உள்ள வச்சுர வேண்டியதுதான். எனக்குத் தெரிஞ்சு இதுல பெருசா ஏமாந்தது இல்ல, ஆனா நான் இப்படிப் பாக்குறது ரெண்டு சீசனாத்தான்.

லிஸ்ட்டுக்கும் கொற உண்டு, அது நேத்து வரைக்கும்தான் சொல்லும், அத வச்சு டிரெயின் டிக்கெட் போட முடியாது. டிக்கெட்டுக்கு வானிலை மையம் வியாழக்கிழமை தோறும் விடுற ரெண்டு வார அறிக்கையப் பாத்துக்கலாம், பருவம் வலுக்குமா தொய்யுமான்னு ஓரளவு பிடிபடும்.

இன்னொண்ணு, புரட்டாசி நெருங்க நெருங்க சாரல் கொறைஞ்சு மத்தியானத்துக்கு மேல இடியோட மழை வரும். காலைல வந்த லிஸ்ட்டுக்கு அது எப்படித் தெரியும்? 2024 மே 17 பழைய குத்தாலத்துல திடீர்னு வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தன் எறந்துட்டான், அது கோடை மழைதான், ஆனா மேல பெஞ்சு கீழ எறங்குற கதை ஒண்ணுதான். அந்த மாதிரி நாள்ல ரேடார் படம் காட்டுற ஆப்தான் ஒசத்தி, அந்த இடத்துல நான் வாதாட மாட்டேன். மேல கருத்துச்சுன்னா ஆப்பும் வேண்டாம் லிஸ்ட்டும் வேண்டாம், போலீஸ் விசில் ஊதுறதுக்கு முன்னாடி தண்ணிய விட்டுக் கரை ஏறிருங்க.

மாஞ்சோலை பக்கம் இந்தக் கணக்கு எப்படின்னு கேக்காதீங்க, நான் மேல போயே பல வருஷம் ஆச்சு.

அத்தான்கிட்ட சனிக்கிழமை காலைல சொல்லுதேன்னு சொல்லிருக்கேன், வரத்து கொறைஞ்சா பாபநாசம் அகஸ்தியர் அருவி, அங்க வருஷம் பூரா தண்ணி. அவரும் கேட்டு லிஸ்ட் வர்ற வாட்ஸ்அப் குரூப்ல சேந்துட்டாரு. இப்ப நான் பல்லு வெளக்குறதுக்கு முன்னாடியே மெட்ராஸ்ல இருந்து மெசேஜ் வருது, "குண்டாறு வரத்து எறங்கிருக்கே மாப்ள, என்ன செய்ய?"