திருட்டுத் தடுப்புத் தோள்பை: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

கூட்டம் மிகுந்த நகரப் பகுதிகளில் நடமாடும் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே விற்கப்படும் திருட்டுத் தடுப்புத் தோள்பை ஒன்றை எட்டு மாதங்களுக்கு முன் வாங்கினேன். அதற்கு முந்தைய பயணத்தில், ரயில் கதவு மூடப்போகும் நேரத்து நெரிசலில் என் பணப்பை களவு போயிற்று. நான் கை வைத்துப் பார்த்தபோது ரயில் அடுத்த நிலையத்தையே தாண்டியிருந்தது. அந்த இழப்பு மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்ததால், இந்தப் பையை மூன்று பயணங்களில் சந்தைத் தெருக்களிலும் நிலையங்களிலும் பிதுங்கி வழியும் பேருந்துகளிலும் நாள் முழுவதும் மாட்டிக்கொண்டு நடந்து, ஒவ்வொரு பாகத்தையும் கவனமாகச் சோதித்தேன்.

உடம்பின் குறுக்கே மாட்டும் வாருக்குள் எஃகுக் கம்பி ஓடுகிறது. பையின் அடியிலும் முன்பக்கத்திலும் துணிக்கு உள்ளே மெல்லிய எஃகு வலையை வைத்துத் தைத்திருக்கிறார்கள். பின்னாலிருந்து வாரை அறுத்துப் பையை உருவிக்கொள்வதும், அடித்துணியைப் பிளேடால் கீறி உள்ளிருப்பது விழும்போது ஏந்திக்கொள்வதும் ஜேப்படிக்காரர்களின் பழைய உத்திகள். வீட்டிலேயே ஒரு பிளேடை எடுத்து வாரின் ஓரத்தை அறுத்துப் பார்த்தேன். மேல்துணி கிழிந்தது, கம்பி அசையவில்லை. கம்பி வெட்டும் கருவியோடு வருபவரை இது தடுக்காது என்பது உண்மைதான். ஆனால், சில நொடிகளில் வேலையை முடித்துக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட நினைப்பவருக்கு அப்படி ஒரு கருவியை வெளியே எடுக்க நேரமோ மறைவோ கிடைப்பது அரிது.

இதே வாரைப் பற்றி ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். பையோடு வரும் குறிப்புத்தாளில் இதை ஒரு வரியாவது அச்சிட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இருசக்கர வாகனத்தில் வந்து பையைப் பறித்துக்கொண்டு போகும் வழக்கமுள்ள இடங்களில், அறுபடாத வாரைக் குறுக்கே மாட்டியிருப்பவர் பையோடு சேர்ந்து இழுபடுவார். சாதாரண வாராக இருந்தால் அந்த இழுப்பில் அறுந்து, பை மட்டும் போகக்கூடும். எஃகுக் கம்பி ஓடும் வாரோ ஆளைக் கீழே தள்ளித் தரையோடு இழுத்துச் செல்லக்கூடும். ஓடும் வண்டியின் வேகத்தில் தலை சாலையில் மோதும் ஆபத்துக்கு முன் பணமும் பாஸ்போர்ட்டும் ஒரு பொருட்டே அல்ல. ஆகவே வாகனங்கள் உரசிக்கொண்டு போகும் தெருக்களில் நான் பையைக் குறுக்கே மாட்டுவதில்லை. சுவர்ப்பக்கத்துத் தோளில் மட்டும் தொங்கவிட்டு, எதிரே வரும் வண்டிகள் கண்ணில் படும்படியான ஓரத்தில் நடக்கிறேன். வார் பையோடு சேரும் இடத்திலுள்ள பக்கிளைப் பார்க்காமலே ஒரு கையால் கழற்றவும் பழகிக்கொண்டேன். யாராவது இழுத்தால் விட்டுவிடுவது என்று வெளியே கிளம்பும்போதே முடிவு செய்துகொள்வது நல்லது, ஏனென்றால் அந்த நொடியில் யோசனை எழுவதற்குள் கை தானாகவே இறுகிவிடும்.

இந்தப் பையின் உயிர்நாடி ஜிப் பூட்டுதான். ஜிப் இழுவையின் நுனியில் உள்ள சிறு கொக்கியைப் பக்கத்தில் தைத்துள்ள உலோக வளையத்தில் மாட்ட வேண்டும். மாட்டிவிட்டால், பின்னால் ஒட்டி நிற்பவர் இரண்டு விரலால் ஜிப்பைத் திறக்க முடியாது. ஏற்பாடு எளிமையானது, நல்லது. ஆனால் அந்த வளையம் மிகச் சிறியதாக இருப்பதால், கொக்கியை மாட்டுவதற்கு இரண்டு கைகளும் வேண்டும், கண்ணும் அங்கே இருக்க வேண்டும். பயணச்சீட்டுக்கு ஒருமுறை, தண்ணீருக்கு ஒருமுறை, சில்லறைக்கு ஒருமுறை என்று ஒரு நாளில் எத்தனையோ முறை பையைத் திறக்கிறோம். முதல் நாள் ஒவ்வொரு முறையும் மாட்டினேன். இரண்டாம் நாள் பெரும்பாலும் மாட்டினேன். மூன்றாம் நாள் மாலை, களைப்போடும் இரு கைகளிலும் சுமையோடும் ஒரு சந்தைத் தெருவில் நடந்தபோது, முன்பக்கத்து அறையின் ஜிப்பை இழுத்து மூடினேனே தவிர கொக்கியை மாட்டவில்லை. சட்டையில் ஏதோ சிந்தியிருப்பதாகச் சொல்லி ஒருவர் துடைத்துவிட வந்தார். நான் சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சிறு நேரத்தில் இன்னொருவர் என் மறுபக்கம் உரசிக்கொண்டு போனார். அறைக்குத் திரும்பிய பிறகுதான் முன்பக்கத்து அறையில் வைத்திருந்த அன்றைய செலவுப் பணம் இல்லை என்று தெரிந்தது.

கொக்கி மாட்டியிருந்த பெரிய அறையில் இருந்தவை அப்படியே இருந்தன. நடந்ததை என் கவனக்குறைவு என்று மட்டும் ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. களைத்துப்போனவரும், குழந்தையைக் கையில் பிடித்திருப்பவரும், மழையில் குடையோடு நிற்பவரும் பயன்படுத்தப்போகும் பூட்டு, பார்க்காமலே ஒரு கையால் பூட்டும்படி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த நேரத்தில் அது மிகவும் தேவையோ அந்த நேரத்தில்தான் பூட்டாமல் விடப்படும். பிறகு நான் ஒரு பெரிய சாவி வளையத்தை வாங்கி அந்தச் சிறு வளையத்தில் கோத்துவிட்டேன். இப்போது நடந்துகொண்டே கட்டைவிரலால் கொக்கியை மாட்ட முடிகிறது. தயாரிப்பாளரே செய்திருக்கக்கூடிய இந்தச் சிறு மாற்றம், துணிக்குள் உள்ள எஃகு வலை முழுவதையும்விட எனக்குப் பயன்பட்டிருக்கிறது. ஜிப்பின் பல்வரிசை நைலான் சுருளால் ஆனது என்பதையும் குறிப்பிட வேண்டும். இவ்வகை ஜிப்பைப் பால்பாயின்ட் பேனாவின் முனையால் குத்திப் பிளந்துவிடலாம். பிறகு இழுவையை ஒருமுறை நகர்த்தினால் திறந்த தடமே தெரியாமல் மூடிக்கொள்ளும். மார்பில் தொங்கும் பையில் எவரும் இதற்குத் துணிய மாட்டார்கள். விடுதி அறையிலோ பேருந்தின் சரக்கு அறையிலோ விட்டுச் செல்லும் பைக்கு இந்தப் பூட்டை நம்பக் கூடாது.

அட்டைகளின் தகவலைத் தொலைவிலிருந்தே திருடுவதைத் தடுக்கும் ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலையால் தொடாமலே தகவலைப் படிக்கும் முறை) தடுப்பு அறை என்று விளம்பரத்தில் பெரிதாகச் சொல்லப்படும் அம்சத்துக்காக யாரும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். தொடாமல் செலுத்தும் வங்கி அட்டைகள் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், சில சென்டிமீட்டர் தூரத்துக்குள்தான் பேசிக்கொள்கின்றன. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனியான ஒருமுறைக் குறியீடு உருவாவதால், இடையில் பிடித்த தகவலை வைத்து வேறொரு அட்டையை அச்சுப்போலச் செய்துவிட முடியாது. மின்னணுப் பாஸ்போர்ட்டில் உள்ள சில்லும், உள்பக்கத்தில் அச்சிட்டுள்ள எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகியவற்றைக் கொண்டு உருவாக்கும் திறவுகோல் இல்லாமல் தன்னிடமுள்ள விவரங்களைத் தருவதில்லை.

இதற்கு மாறாக, விளம்பரத்தில் ஓரத்தில் கூட இடம்பெறாத ஓர் அம்சம் என்னைக் கவர்ந்தது. வாரின் ஒரு முனையைக் கழற்றி, நாற்காலியின் குறுக்குச் சட்டத்தைச் சுற்றிக் கொண்டுவந்து மீண்டும் மாட்ட முடிகிறது. உணவகத்தில் பையைக் காலடியில் வைத்துவிட்டு வரைபடத்தில் மூழ்கும் பயணிகளிடமிருந்துதான் எத்தனையோ பைகள் போகின்றன. ஆனால் நாம் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலேயே மாட்ட வேண்டும். காலியாக இருக்கும் பக்கத்து நாற்காலியின் காலில் சுற்றினால், அதைச் சற்றே தூக்கி வாரை உருவிவிட ஒரு கணம் போதும்.

கைபேசியைப் பொறுத்தவரை இந்தப் பையால் பெரிய உதவி இல்லை. வழி தேடும் பயணியின் கைபேசி பெரும்பாலான நேரம் கையில்தான் இருக்கிறது. பறிப்பவர்கள் காத்திருப்பதும் அதற்குத்தான். நடைபாதையின் விளிம்பில் நின்று திரையைப் பார்ப்பதை நான் முற்றிலும் விட்டுவிட்டேன்; ஒரு கடையின் உள்ளே நுழைந்தோ சுவரில் முதுகைச் சாய்த்தோ வழியைப் பார்த்து மனத்தில் வாங்கிக்கொண்டு, கைபேசியைப் பைக்குள் போட்டுக் கொக்கியை மாட்டிய பிறகே நடக்கிறேன். சாவி மாட்டுவதற்காகப் பையினுள் தைத்துள்ள நாடாவில் கைபேசியின் கயிற்றை இணைத்திருக்கிறேன். *#06# என்று அழுத்தினால் திரையில் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது கைபேசிக்கே உரிய அடையாள எண்ணை, பயணத்துக்கு முன்பே தாளில் எழுதி வைப்பதும் என் வழக்கம், ஏனெனில் காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது அந்த எண் கைபேசியோடு போயிருக்கும்.

பையின் கொள்ளளவு போதும். எடை சற்று அதிகம், மாலையில் தோள் வலிக்கிறது. உள்ளே ஐந்து அறைகள் இருப்பதால் எல்லாவற்றையும் இதிலேயே வைத்துவிடத் தோன்றும். அதற்கு இணங்கக் கூடாது. அன்றைய செலவுப் பணமும் ஒரே ஒரு அட்டையும் மட்டும் இதில் இருக்கின்றன. இரண்டாவது அட்டையும் மீதிப் பணமும் உடைக்கு உள்ளே கட்டும் துணி இடுப்புப் பையிலோ, அறையின் பெட்டகத்திலோ இருக்கும். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும் நாடுகளில் மட்டும் அதையும் இடுப்புப் பைக்கு மாற்றிக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் என் தங்கை முதல்முறையாகத் தனியே வெளிநாடு போகிறாள். இந்தப் பையையே அவளிடம் கொடுத்திருக்கிறேன். சாவி வளையத்தை மாற்றிவிட்டேன். நேற்று மாலை முழுவதும் கண்களை மூடிக்கொண்டு, இடது கையால் கொக்கியை மாட்டவும், வலது கையால் பக்கிளைக் கழற்றிப் பையைக் கீழே விடவும் அவளைப் பழக்கினேன்.